வழக்கின் வாயைச் சுருக்குவது எப்படி?

'இதழை நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு சுற்றிலும் வழக்கின் வாய் சரியாகச் சுருக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவும்.'

சிற்றிதழ் நடத்திக் கைப்பொருள் இழந்து, அச்சகத்தாரோடு வழக்காடி ஓய்ந்துபோன ஓர் ஆசிரியரின் நாட்குறிப்பு என்றே இதை முதலில் படித்தோம். இதைக் கொண்டுவந்து காட்டியவர் நம்மிடம் இளங்கலைத் தமிழ் படித்துவிட்டு, இன்று சேலத்தில் ஒரு கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் பழைய மாணவர். “ஐயா, இதழு, வழக்குன்னெல்லாம் வருதுங்க. தமிழ்ப் படிச்சவன்தானே, நீ படிச்சுச் சொல்லுன்னு மொதலாளி குடுத்துட்டாருங்க. எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குத் தெரியுமின்னு கொண்டாந்தனுங்க” என்றார்.

செய்தி இதுதான். உரிமம் பெற்ற வெளியூர் நிறுவனம் ஒன்று, பிஸ்டல் தோட்டாவின் வாயை இறுக்கும் 'டை' ஒன்றைக் கடைந்து தர முடியுமா என்று அந்தப் பட்டறையைக் கேட்டிருக்கிறது. கூடவே ஆங்கிலத்தில் சில பக்க விளக்கம். பட்டறைக்காரர் கைப்பேசியை அந்தப் பக்கங்களுக்கு நேரே பிடிக்க, கைப்பேசி தமிழில் பெயர்த்துக் கொடுத்துவிட்டது. மேகசின் என்பது இதழ் ஆயிற்று. ரவுண்டு சுற்று ஆயிற்று. கேஸ் வழக்கு ஆயிற்று. கிரிம்ப் சுருக்கு ஆயிற்று. அடுத்த பக்கத்தில் பிரைமர் அரிச்சுவடியாகி, 'அரிச்சுவடியை அழுத்திப் பொருத்தவும்' என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தது.

நாம் வாய்விட்டுச் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். “அப்பச் சரியான தமிழ் என்னங்கய்யா?”

முதுகலை படித்தவர், இருபதாண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவர், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துபவர். ஆனால் நம்மிடம் விடை இல்லை. இயந்திரத்தைப் பார்த்துச் சிரித்தது எவ்வளவு மலிவான சிரிப்பு என்பது அந்த நொடியில் விளங்கிற்று. இயந்திரம் புதிதாகத் தவறு எதுவும் செய்யவில்லை. நாம் எழுதி வைத்த தமிழை அள்ளித் தந்திருக்கிறது. நாம் எழுதி வைத்ததில் இதழும் வழக்கும் அரிச்சுவடியும் நிரம்பக் கிடக்கின்றன. பட்டறை இல்லை.

2

விடை இல்லை என்றால் முதலில் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லுக்கு முன் பொருள் என்பதுதான் நாம் மாணவர்களுக்குச் சொல்லும் பாடமும்.

கல்லூரியில் சில ஆண்டுகள் தேசிய மாணவர் படையின் பொறுப்பும் நம் தலையில் இருந்தது. புள்ளி இருபத்திரண்டு ரைஃபிளால் மாணவர்கள் சுடுவார்கள். சுட்டு முடிந்ததும் வெற்று உறைகளை ஒன்று விடாமல் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். அந்த உறைகளைக் கையில் உருட்டிப் பார்த்திருக்கிறோமே தவிர, அவற்றின் வாய்க்கும் தமிழுக்கும் ஏதேனும் உறவு இருக்கக்கூடும் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. ஆணைகள் இந்தியில் இருந்தன, கருவிப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழுக்கு அங்கே எண்ணிக்கை சொல்லும் வேலைகூட இல்லை.

ஒரு தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு. பித்தளை உறை ஒன்று. பெரும்பாலும் எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. உறையின் அடியில் கேப்பு. தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் கேப்பின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே மருந்து. வாயில் செருகப்பட்ட குண்டு. இந்த நான்கும் சேர்ந்ததே தோட்டா. பறப்பது குண்டு மட்டுமே. உறை துப்பாக்கியிலேயே நிற்கும், அல்லது பக்கவாட்டில் தெறித்து விழும். நம் நாளிதழ்களோ நாள்தோறும் 'தோட்டா பாய்ந்து இறந்தார்' என்று எழுதுகின்றன. நம் சிறுகதைகளும் அவ்வாறே. தோட்டா பாய்வதில்லை ஐயா. தோட்டா பாய்ந்தால் அது எறிந்த தோட்டாவாக இருக்க வேண்டும்.

சுட்ட உறையை எறிந்துவிடாமல் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்கா போன்ற நாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டாளர்களிடம் பரவலாக உண்டு. நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி குற்றம். அச்சட்டம் 2019இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. ஆகவே யாரையும் வீட்டில் தோட்டா நிரப்பச் சொல்ல இதை எழுதவில்லை. எங்கே நிரப்பினாலும், ஆலையில் நிரப்பினாலும், வேலையின் முறை ஒன்றுதான். சுட்டபோது விரிந்த உறையைப் பழைய அளவுக்கு நெருக்குவார்கள். பழைய கேப்பை எடுத்துப் புதியதை வைப்பார்கள். குண்டு உள்ளே நுழைவதற்காக உறையின் வாயைச் சற்றே மலர்த்துவார்கள். மருந்திட்டுக் குண்டைச் செருகுவார்கள். கடைசியாக, மலர்த்திய வாயை மீண்டும் மூடுவார்கள். இந்தக் கடைசி வேலைதான் கிரிம்ப். கைப்பேசியின் தமிழில், வழக்கின் வாயைச் சுருக்குவது.

இதில் இரண்டு வகை. ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில் வெளித்துருத்திய விளிம்பு ஒன்று இருக்கும். தோட்டா அறைக்குள் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அந்த விளிம்பே தீர்மானிக்கும். ஆகவே உறையின் வாயைத் தாராளமாக உட்புறம் மடக்கி, குண்டைச் சுற்றி வெட்டியிருக்கும் பள்ளத்தில் படிய வைக்கலாம். அப்படி மடக்காவிட்டால் என்ன ஆகும்? ஒரு தோட்டா வெடிக்கும்போது ரிவால்வர் பின்னுக்கு உதைக்கும். உருளையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் உறைகள் அந்த உதையோடு பின்னே போகும். குண்டுகளோ இருந்த இடத்தில் இருக்கப் பார்க்கும். இப்படியே இம்மி இம்மியாக நழுவி ஒரு குண்டு உருளைக்கு வெளியே தலைநீட்டினால் உருளை சுழலாது.

பிஸ்டல் தோட்டாவின் கதை நேர்மாறு. 1902இல் ஜெர்மனியில் உருவாகி உலகெங்கும் பரவிய 9 மில்லிமீட்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். வெளித்துருத்திய விளிம்பு அதற்குக் கிடையாது. அறையின் முன்புறம் இருக்கும் நுண்ணிய படியில் உறையின் வாய் முட்டி நிற்பதுதான் அதன் நிலை. அந்த வாயை ரிவால்வர்த் தோட்டாவைப்போல் உட்புறம் மடக்கிவிட்டால் முட்டுவதற்கு விளிம்பு இராது. தோட்டா அளவுக்கு மீறி உள்ளே போகும். சுடுமுள் கேப்பை எட்டாமற்போகலாம். ஆகவே இங்கே வாயை மடக்கக் கூடாது. மலர்ந்ததை மட்டும் நேராக்கிச் சரிவாகப் படிய வைக்க வேண்டும். இத்தோட்டாவின் வாயருகே உறையின் விட்டம் 9.65 மில்லிமீட்டருக்கு மேல் போகலாகாது என்பது அளவு. மேலே போனால் அறைக்குள் நுழையாது. கீழே மிகவும் போனால் குண்டு நசுங்கும்.

பிடி தளர்ந்திருந்தாலும் கேடுதான். மேகசினிலிருந்து மேலேறும் தோட்டாவின் மூக்கு அறையின் சரிவில் மோதும். பிடி போதாவிட்டால் குண்டு உறைக்குள் பின்வாங்கும். உள்ளிருக்கும் இடம் குறையும், மருந்து எரியும்போது அழுத்தம் ஏறும். ஓர் அளவுக்கு மேல் ஏறினால் துப்பாக்கி சுடுபவனின் கையிலேயே சிதறும்.

3

அப்படியானால் நன்றாக இறுக்கிவிட்டால் போகிறது என்று தோன்றும். நமக்கும் தோன்றிற்று. இங்கேதான் நாம் எதிர்பாராத ஓர் உண்மை. அளவுக்கு மீறி இறுக்கினால் பிடி தளரும்.

காரணம் எளிது. பித்தளைக்கு மீளும் தன்மை உண்டு. ஈயத்துக்கு இல்லை. டையின் நெருக்குதலில் இரண்டும் உள்வாங்கும். டை விலகியதும் பித்தளை இம்மியளவு பழைய நிலைக்குத் திரும்பும். நசுங்கிய ஈயம் நசுங்கியபடியே கிடக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி விழும். மிக இறுக்கமாகத் தோன்றும் தோட்டாவில்தான் குண்டு ஆடும். போதாததற்கு, நசுங்கிய குண்டு குழலின் வரிகளில் சரியாகப் பற்றாமல் குறியும் தப்பும். உண்மையில் குண்டைப் பிடித்திருப்பது உறைச்சுவரின் இறுக்கம். வாயை மூடுவது அதற்குத் துணை மட்டுமே. அந்த இறுக்கம் இல்லாத இடத்தில் வாயை எவ்வளவு நெரித்தாலும் பயனில்லை.

ஆகவே தெரிந்தவர்கள் டையைச் சிறிது சிறிதாக இறக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் காலிப்பர் வைத்து அளக்கிறார்கள். குழலைத் தனியே கழற்றி அதில் தோட்டாவைப் போட்டுப் பார்க்கிறார்கள். தானாக விழுந்து, 'டக்' என்று உட்கார்ந்து, கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். தள்ளினால்தான் போகிறது என்றால் சரியில்லை.

இத்தனையும் தெரிந்துகொண்டபின் 'சுருக்கு' என்ற சொல்லைத் திரும்பிப் பார்ப்போம். சுருக்கு என்றால் நம் ஊரில் என்ன பொருள்? சுருக்குப்பை. கயிற்றை இழுக்க இழுக்க இறுகும். முடிந்தவரை இழுத்து முடிச்சிடுவதுதான் முறை. சுருக்குக் கயிறும் அப்படியே. டையைக் கடைந்து சரிபார்க்கும் ஒருவரிடம் 'வாயைச் சுருக்கு' என்று சொன்னால் அவர் கை என்ன செய்யும்? இழுத்து இறுக்கும். பிஸ்டல் தோட்டாவில் எதைச் செய்யக்கூடாதோ அதையே செய்யும். சொல் பிழையானால் கை பிழைபடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

4

இந்தச் செய்தியை இலக்கிய நண்பர்கள் கூடிய ஓர் இடத்தில் சொன்னோம். மூன்று வகையான மறுமொழிகள் வந்தன. மூன்றும் நம்மவரின் மூன்று நோய்கள் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது.

முதல் மறுமொழி தனித்தமிழ் அன்பர்களுடையது. 'அகராதியைப் பிரித்தால் பத்துச் சொல் கிடைக்கும், எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?' கிடைக்கும். நெளிவு, மடிப்பு, கொசுவம், சுருக்கம் எல்லாம் கிடைக்கும். அவை சேலையைப் பற்றியும் தலைமுடியைப் பற்றியும் சொன்ன சொற்கள். மேசையருகே அமர்ந்து ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடுகிறவர் உறையின் வாயைப் பார்த்ததில்லை. பாராமல் ஆக்கிய சொல்லை அரசாணையின் வலிமை கொண்டு எவ்வளவு இறுக்கினாலும் பொருள் அதில் நிற்காது. அகராதியில் இருக்கும், வாயில் வராது. நாம் தமிழுக்கு எதிரியல்லோம். பார்க்காமல் பெயரிடும் பழக்கத்துக்குத்தான் எதிரி.

இரண்டாம் மறுமொழி நடைமுறைவாதிகளுடையது. 'தொழிலாளிக்குக் கிரிம்ப் என்றால் தெரியும். அவனைத் தமிழால் ஏன் துன்புறுத்துகிறீர்கள்?' இவர்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும். இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் புறப்படும் ரிக் வண்டிகளின் ஊர் அது. அங்கே ஹோஸ் கிரிம்பிங் என்பது கடைப்பலகையில் எழுதியிருக்கும் தமிழ்ச் சொல். எண்ணெய்க் குழாயின் முனையில் இரும்பு உறையைப் போட்டுச் சுற்றிலும் பல தாடைகள் ஒருசேர நெருக்கும் வேலை அது. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் இடத்தில் வயரிங் செய்பவருக்குக் கிரிம்ப் என்றால் ஒயரின் நுனியில் லக்கை வைத்து நசுக்குவது. சோடாப் புட்டியின் தகர மூடிக்கும் கிரிம்ப் என்றே பெயர். நான்காவதாக இந்தத் தோட்டா. ஒரே ஒலி, நான்கு வேலை, நான்கு வேறுபட்ட அழுத்தம். லக்கை நசுக்கிய கை தோட்டாவை நசுக்கலாகாது. தெரிந்த சொல்லாக இருப்பதே இங்கே ஆபத்து. அவருக்குத் தெரிந்தது ஒலி. அதன் பொருளைத் தம் பழைய வேலையிலிருந்துதான் எடுத்துக்கொள்வார். ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொள்வதில் நமக்கு மறுப்பில்லை. விளக்கமும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்பதைத்தான் மறுக்கிறோம். ஆங்கிலம் தெரிந்த மேற்பார்வையாளர் ஒருவரின் வாயையே பட்டறை முழுவதும் நம்பியிருக்க வேண்டும் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள்.

மூன்றாம் மறுமொழி நம் சொந்தக் குலத்தாருடையது. 'கொலைக்கருவிக்குத் தமிழ் எதற்கு? இலக்கியவாதிக்கும் தோட்டாவுக்கும் என்ன உறவு?' இதைச் சொன்னவர் புறநானூற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்நூலின் 95ஆம் பாடலை அவர் மறந்திருக்க முடியாது. சேலத்துக்கு வடக்கே தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூடி நெய் பூசிக் காவல்மிக்க மனையில் இருப்பதையும், அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் வைத்தே இருவரையும் எடைபோட்டுவிடுகிறார். கருவியின் எந்த உறுப்பு எப்படிச் சிதையும், சிதைந்தால் எங்கே போகும் என்பதைத் தெரிந்திருந்ததால்தான் அந்தப் பாட்டு. கொல்லனின் பட்டறைக்குள் ஔவைக்குப் பார்வை இருந்தது. நமக்கு இல்லை. இதை அறநெறி என்று சொல்லிக்கொள்வது நம் சோம்பலுக்குப் போர்த்தும் பொன்னாடை.

தோட்டாவின் வாயை மூடும் விதம் வரலாற்றைத் தொட்டதில்லை என்று நினைப்பவர்களுக்கு 1857ஐ நினைவூட்டலாம். எண்ணெய்ப் பசை தடவிய காகிதத் தோட்டாவின் மூடிய முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்பதும், அப்பசை எந்த விலங்கின் கொழுப்பு என்ற ஐயமும் அல்லவா சிப்பாய்களிடம் மூண்ட தீக்குப் பொறி? அவர்கள் கையில் கொடுத்த பொருளைப் பற்றி அவர்கள் நம்பக்கூடிய மொழியில் யாரும் விளக்கவில்லை என்பது அந்த வரலாற்றின் சிறிய பகுதி அன்று.

5

இந்தப் பேச்செல்லாம் சேலத்தில் எழுகிறது என்பதில் ஒரு நாணம் நமக்கு உண்டு. 1916இல் இதே சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் முன்னின்று தமிழில் அறிவியல் சொற்களை ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கென இதழும் நடத்தினார்கள். பாரதி அம்முயற்சியைக் கவனித்து அதுபற்றி எழுதினார். இராஜாஜி பின்னாளில் 'திண்ணை இரசாயனம்' எழுதியவர். அவருடைய அரசியலில் நமக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் பல. ஆனால் வழக்கறிஞராக இருந்துகொண்டு வேதியியலைத் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எண்ணியவரின் ஊரில், நூறாண்டுக்குப் பின் ஒரு தமிழ்ப் பேராசிரியர் தோட்டாவின் உறைக்குப் பெயர் தெரியாமல் விழிக்கிறார்.

அதற்கும் முன்னே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், நூல்களை மொழிபெயர்த்தார். உடலை அறுத்துக் காட்டியபடியே பெயரும் சொன்னார். பொருள் கண்முன் இருந்தது.

நம் வட்டாரத்திலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை வெளியிட்டார். அதற்கு முன்பே கி.ராஜநாராயணன் கரிசலுக்கு ஓர் அகராதி செய்தார். இவர்கள் மேசையிலிருந்து சொல் ஆக்கவில்லை. வாயிலிருந்து சொல் எடுத்தார்கள். ஆனால் அந்தப் பணி பெரும்பாலும் காட்டோடும் வீட்டோடும் நின்றது. ஏரின் உறுப்புகளுக்கு நம்மிடம் பட்டியல் இருக்கிறது. ரிக் வண்டியின் உறுப்புகளுக்கு இல்லை. ஏர் காட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, ரிக் காட்டுக்குள் வந்துவிட்டது. நாம் இன்னும் ஏரைப் பற்றியே ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

துப்பாக்கிக்கே நம்மிடம் பழஞ்சொற்கள் இருந்தன என்பதுதான் வேடிக்கை. துப்பாக்கி துருக்கிய மூலத்தது. தோட்டா உருது வழி வந்தது. வந்தவற்றை நம் பாட்டன்மார் தயங்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வேலையைச் சொல்லும் வினைச்சொல்லைத் தமிழிலேயே வைத்துக்கொண்டார்கள். வாய்வழி மருந்திட்டுக் கம்பியால் குத்தி நிரப்புவதற்குக் கெட்டித்தல் என்று பெயர். சிறு குண்டுக்கு ரவை. பொருளின் பெயர் எங்கிருந்தும் வரலாம், கையின் வேலைக்குத் தம் மொழி வேண்டும் என்ற தெளிவு எழுத்தறியாத அவர்களிடம் இருந்திருக்கிறது.

6

'ஒரு பட்டறையில் ஒரு தாள், அதற்கு இத்தனை ஆரவாரமா?' என்று கேட்கலாம். ஒரு தாள் அன்று.

2018ஆம் ஆண்டு நடுவண் வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டு வழித்தடம் 2019 சனவரியில் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, கோவை, ஓசூர், திருச்சி ஆகியவற்றோடு சேலமும் அதன் ஐந்து முனைகளில் ஒன்று. அருவங்காட்டு வெடிமருந்து ஆலை ஒரு நூற்றாண்டைக் கடந்தது. திருச்சித் துப்பாக்கி ஆலை 1966இல் எழுந்தது. இவை அரசின் பெரிய ஆலைகள். 2021 அக்டோபரில் அவையும் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. 2024 பிப்ரவரியில் கான்பூரில் தனியார் தோட்டா ஆலை ஒன்று திறக்கப்பட்டது. அரசின் மதிலுக்குள் இருந்த வேலை இனித் துண்டு துண்டாகச் சிறு பட்டறைகளுக்கு வரும். வரவேண்டும் என்பதுதான் வழித்தடத்தின் நோக்கமே. அது நல்லதா என்பது வேறு விவாதம். அந்த விவாதத்தை நடத்துவதற்கும் சொற்கள் வேண்டும் என்பதை மட்டும் இங்கே குறிப்போம். பெயர் தெரியாத பொருளை ஆதரிக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது.

மருந்தோடு புழங்கும் வேலையில் சொல் என்பது உயிர். 2022ஆம் ஆண்டின் கடைசி நாளில் நாமக்கல் மாவட்டம் மோகனூரில் வீட்டில் வைத்திருந்த பட்டாசு வெடித்து உயிர்கள் போயின. 2023 சூனில் சேலத்தை அடுத்த கொல்லப்பட்டியில் பட்டாசுக் கூடம் வெடித்தது. அங்கும் உயிர்கள் போயின. இந்த விபத்துகளுக்குச் சொல் காரணம் என்று நாம் சொல்லவில்லை. மருந்து எவ்வளவு சிறிய பிழைக்கும் எவ்வளவு பெரிய விலை வாங்கும் என்பதை நம் சமவெளி அறியும் என்றே சொல்கிறோம். அப்படிப்பட்ட வேலைக்குள் நம் மாணவர்களை அனுப்பும்போது, அவர்கள் கையில் 'அரிச்சுவடியை அழுத்திப் பொருத்தவும்' என்ற தாளைக் கொடுத்தனுப்புகிறோம்.

நீதிமன்றத்தையும் எண்ணிப் பாருங்கள். 'மூன்று தோட்டாக்கள் கைப்பற்றப்பட்டன' என்று தமிழில் ஓர் அறிக்கை எழுதப்படுகிறது. அவை வெடிக்காத முழுத் தோட்டாக்களா, சுட்டு எஞ்சிய வெற்று உறைகளா, உடலிலிருந்தோ சுவரிலிருந்தோ எடுத்த குண்டுகளா? மூன்றும் ஒரு மனிதனின் விடுதலைக்கும் தண்டனைக்கும் இடையிலான வேறுபாடு. இங்கே வழக்கின் வாய் மெய்யாகவே சொல்லில்தான் இருக்கிறது.

7

குறை சொல்லி முடித்தால் அது வழக்கமான புலம்பலாகிவிடும். நாம் செய்ததைச் சொல்கிறோம்.

அந்தப் பழைய மாணவரோடு பட்டறைக்குப் போனோம். மாதிரிக்கு ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு. அருகில் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை பார்த்துப் பின் கடைசலுக்கு மாறிய ஒரு பெரியவர். அவரிடம் விளக்கினோம். கல் பதிக்கிற மாதிரிதானே என்றார். “கல்லு ஒக்கார்ற எடத்துல வாயைப் படிய வெக்கோணும். மடக்குனா கல்லு தெறிச்சுரும். உட்டா உழுந்துரும். படிஞ்சா போதுங்க.” முதுகலைத் தமிழும் முப்பது ஆய்வுக் கட்டுரைகளும் தராத சொல்லை அவர் மூச்சுவிடும் நேரத்தில் தந்துவிட்டார். படிய வைப்பது ஒன்று, மடக்குவது மற்றொன்று. நாம் இரண்டு பக்கம் எழுதி விளக்கிய இரு வகையும் அந்த இரு வினைகளில் அடக்கம்.

பிஸ்டல் தோட்டாவுக்கு வாய்ப்படிவு. ரிவால்வர் தோட்டாவுக்கு வாய்மடிப்பு. இரண்டுக்கும் பொதுவாக வாய்ப்பிடி. தாளைத் திருத்தி எழுதினோம்: 'மேகசினில் போடுவதற்கு முன் ஒவ்வொரு தோட்டாவிலும் உறையின் வாய் சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்கவும். மடங்கியிருந்தால் ஒதுக்கவும்.' மேகசினை மேகசினாகவே விட்டுவிட்டோம். இதழ் நம்மிடமே இருக்கட்டும்.

இந்தச் சொற்களே நிலைக்க வேண்டும் என்று நாம் வழக்காட மாட்டோம். நாளை வேறொரு பட்டறையில் வேறொரு கை இதைவிட நல்ல சொல்லைத் தரும். நாம் கேட்பது ஒன்றுதான். சேலம், நாமக்கல் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பையேனும் பட்டறைக்கு அனுப்பட்டும். லாரிக் கூடு கட்டுமிடம், ரிக் வண்டி பழுதுபார்க்குமிடம், கொலுசுப் பட்டறை, எவர்சில்வர் பட்டறை, ஹோஸ் கடை. ஒரு மாணவர், ஒரு குறிப்பேடு, நூறு சொல். எந்தச் சொல்லை எந்தக் கை எந்த வேலைக்குச் சொல்கிறது என்று மட்டும் எழுதி வரட்டும். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று நம் துறைகளில் எழும் பழைய முறையீடும் அதோடு தீரும்.

நாம் இவ்வாண்டு நம் வகுப்பை அனுப்புகிறோம். முதல் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இரண்டு சொற்கள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. படிவு, மடிப்பு. சொன்னவர் கொலுசுக்காரர். எழுதியவர், அந்தத் தாளை நம்மிடம் கொண்டுவந்த மாணவர்.